கைவலிக்கு அறுத்த கழுத்து

என் கழுத்துக்குள் செயற்கை டிஸ்க் ஒன்று இருப்பது ஊருக்குத் தெரிந்ததிலிருந்து, சொந்தபந்தத்தில் யாருக்குக் கழுத்துப் பிடித்தாலும் ஸ்கேன் கவர் முதலில் என் வீட்டுக்கு வந்துவிடுகிறது. போன மாதம் மனைவியின் சித்தி உடுமலையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். காபியைக்கூடத் தொடாமல் கவரை நீட்டினார். "மாப்ள, நீங்க வச்சிருக்கறதையே எனக்கும் வச்சிரச் சொல்லுங்க. எத்தன செலவாகும்?"

"கை வலிக்குதுங்களா?" என்றேன்.

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கழுத்துதான்."

"அப்ப இது உங்களுக்கு வேண்டாமுங்க."

சித்திக்கு வருத்தம்தான். தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு வேண்டாம் என்கிறானே என்று நினைத்திருப்பார். ஆனால் இந்தச் சிகிச்சையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி, கை வலிக்கிறதா என்ற அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தேய்ந்த டிஸ்கை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்கிற இந்த ஆபரேஷனைக் கழுத்து வலி ஆபரேஷன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். செய்வதோ பெரும்பாலும் கைக்காக. பிதுங்கிய டிஸ்க் கைக்குப் போகிற நரம்பை நசுக்கினாலோ, தண்டுவடத்தையே அமுக்கினாலோ, அந்த அமுக்கத்தை எடுப்பதுதான் வைத்தியம். எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி. அமெரிக்காவில் இந்த டிஸ்குகளுக்குக் கொடுத்த அனுமதியிலும் நரம்போ தண்டுவடமோ அமுங்கி, மற்ற வைத்தியத்துக்கு மசியாதவர்களுக்கு என்றுதான் இருக்கிறது. கழுத்து மட்டும் வலிக்கிறவருக்கு இதனால் வலி போகும் என்று எந்த நேர்மையான டாக்டரும் அடித்துச் சொல்ல மாட்டார்.

கழுத்தில் எலும்பு 7. மேலே உள்ள இரண்டுக்கும் நடுவில் டிஸ்க் கிடையாது. அதற்குக் கீழே, மார்புப் பகுதியின் முதல் எலும்போடு சேருகிற இடம் வரைக்கும் 6 டிஸ்க். நம் பக்கத்தில் ஜவ்வு என்பார்கள். சுற்றிலும் நார் வளையம், நடுவில் நீர் கோத்த கூழ். சின்ன வயதில் இளநுங்கு, நாற்பதைத் தாண்டினால் முற்றிய கடுக்காய் நுங்கு. நீர் வற்றி உயரம் குறைந்த டிஸ்கில் நார் வளையம் எங்காவது கீறிக்கொண்டால், உள்ளே இருப்பது பின்பக்கமாகப் பிதுங்கும். அங்கே நடுவில் தண்டுவடம், இரண்டு ஓரத்திலும் நரம்பு வேர்கள். எலும்பு 7 என்றாலும் கழுத்து நரம்பு 8 ஜோடி. 6ஆவது, 7ஆவது எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கினால் மாட்டிக்கொள்வது 7ஆம் நரம்பு. அது மேற்கையின் பின்தசைக்குப் போகிறது, நடுவிரலில் உணர்வு தருகிறது. 6ஆம் நரம்பு என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். 8 என்றால் சுண்டுவிரல் பக்கம். எந்த விரல் மதமதக்கிறது என்று கேட்டே எந்த டிஸ்க் என்று அனுபவமுள்ள டாக்டர் ஓரளவு ஊகித்துவிடுவார்.

எனக்கு நடுவிரல். கோவையில் பம்ப் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். முதலில் இடது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கமாக ஒரு குத்தல். அப்புறம் அது கைக்கு இறங்கியது. இடது கை ஆயிற்றே என்று பயந்து முதலில் இசிஜிதான் எடுத்தோம். இதயம் ஒழுங்காக இருந்தது. ஒருநாள் பரணுக்கு ஒரு பெட்டியைத் தூக்கிவிடும்போது, வலியே இல்லாமல் இடது கை மட்டும் மடிந்துகொண்டது. முழங்கையை நீட்டித் தள்ளுகிற பலம் அதில் இல்லை. பைக்கைத் தள்ளும்போதும், நாற்காலியில் கை ஊன்றி எழும்போதும் அதே கதை.

ராத்திரிகள்தான் கொடுமை. மல்லாந்தாலும் வலி, ஒருக்களித்தாலும் வலி. ஒரே ஒரு நிலையில்தான் கொஞ்சம் உயிர் வரும். இடது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த அம்மாவுக்கு, மகன் தலையிலேயே கை வைத்துக்கொண்டு இருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "வெளக்கு வெக்கற நேரத்துல தலைல கைய வச்சு உக்காராத சாமி, வீட்டுக்கு ஆவாது" என்று கையை இழுத்து இழுத்து விடுவார். இழுத்துவிட்ட அடுத்த நொடி வலி முழங்கை வரைக்கும் பாயும். நான் மறுபடி கையைத் தலைக்குக் கொண்டுபோவேன். அவர் மறுபடி இழுப்பார்.

நரம்பியல் அறுவை டாக்டரின் வரவேற்பறையிலும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிட்டவர் ஸ்கேன் கவரைத் தொடுவதற்கு முன்பே, "கையைத் தலையில வச்சா குறையுது, இல்லீங்களா?" என்றார். கையைத் தூக்கித் தலையில் வைத்தால் நசுங்கிய நரம்பு வேரின் இழுவை தளர்கிறது. கழுத்து நரம்பு அமுங்கியதற்கு மருத்துவப் புத்தகங்கள் சொல்கிற அடையாளங்களில் இதுவும் ஒன்று. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அதுக்காவ வெளக்கு வெக்கற நேரத்துலயா?" என்றார்.

இதற்கு நேர்மாறான ஒரு சோதனையும் உண்டு. தலையை வலிக்கிற பக்கமாகச் சாய்த்து, மேலிருந்து மெதுவாக அழுத்துவார்கள். கைக்குள் மின்சாரம் ஓடினால் நரம்பு வேர்தான். இதற்கு ஸ்பர்லிங் சோதனை என்று பெயர். 1944இல் இதை எழுதிய கிளென் ஸ்பர்லிங் அமெரிக்க ராணுவத்தில் நரம்பியல் அறுவை நிபுணராக இருந்தவர். 1945 டிசம்பரில் ஜெர்மனியில் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்த அமெரிக்கப் படைத் தளபதி ஜெனரல் பேட்டனைப் பார்க்க விமானத்தில் வரவழைக்கப்பட்டவரும் இவர்தான். பேட்டன் அந்த மாதத்திலேயே இறந்துபோனார். சோதனை மட்டும் எண்பது வருடமாக அப்படியே இருக்கிறது. செலவு ஒரு பைசா இல்லை. ஆனாலும் என்னிடம் கவர் கொண்டுவருகிறவர்களில் பலருக்கு யாரும் இதைச் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை. நேராக எம்.ஆர்.ஐ.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ், இன்டென்டிங் தி தீகல் சாக்' என்ற வரி கிட்டத்தட்ட எல்லோருடைய ரிப்போர்ட்டிலும் இருக்கிறது. டிஸ்க் பரவலாகப் பிதுங்கித் தண்டுவடத்தின் உறையை லேசாக அமுக்குகிறது என்று அர்த்தம். படித்தவுடன் கழுத்தே கழன்று விழப்போகிறது என்று தோன்றும். ஸ்காட் போடன் என்பவரும் கூட்டாளிகளும் 1990இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 63 பேரைப் பிடித்து ஸ்கேன் எடுத்ததில், 40 வயதுக்குக் கீழே 14 சதவீதம் பேருக்கும், மேலே 28 சதவீதம் பேருக்கும் குறிப்பிடத்தக்க கோளாறு படத்தில் தெரிந்தது. வெறும் டிஸ்க் தேய்மானம் என்று பார்த்தால் 40 தாண்டியவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு இருந்தது. ஜப்பானில் இன்னும் பெரிதாக, நல்லாயிருக்கிற 1,211 பேருக்கு எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ்! அத்தனை பேரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே பல்ஜ் இருக்கிறதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. மதமதக்கிற விரல், பலமிழந்த தசை, படத்தில் நசுங்கித் தெரிகிற நரம்பு, இந்த மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். காட்டவில்லை என்றால், படத்தை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிறவரிடமிருந்து கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

மூன்றும் ஒத்துப்போனாலும் உடனே கத்தி வேண்டியதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ராசெஸ்டர் ஊரில், 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு அமுங்கிய 561 பேரைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஆபரேஷன் வரைக்கும் போனது கால்வாசிப் பேர். கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேர் வலியே இல்லாமலோ, லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். 1994இல் வந்த அந்தக் கட்டுரையில் முதல் பெயர் கே. ராதாகிருஷ்ணன். பின்னாளில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்துக்கு இயக்குநராக இருந்த நரம்பியல் நிபுணர். பிதுங்கிய டிஸ்க் பல சமயம் தானே சுருங்கிவிடுகிறது, நரம்பைச் சுற்றியுள்ள வீக்கமும் வடிகிறது. ஆறு வாரமாவது பொறுத்துப் பாருங்கள் என்று நல்ல டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

பொறுக்கக் கூடாத இடங்களும் உண்டு. பலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் பொறுக்கக் கூடாது. தண்டுவடம் அமுங்குவதன் அடையாளங்கள் தெரிந்தால் நிச்சயமாகப் பொறுக்கக் கூடாது. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும். சோறு பிசைய வராது. கையெழுத்து மாறிப்போகும். நடக்கும்போது செருப்பு நழுவிப்போனது தெரியாது, இருட்டில் தள்ளாடும். இதில் பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலேயே வயசாச்சு என்று விட்டுவிடுகிறோம். வலியால் துடித்த என்னைவிட, வலியே இல்லாமல் பொத்தான் போடத் தடுமாறுகிற பெரியவருக்குத்தான் அவசரம் அதிகம்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் நெட்டி முறித்துவிடுவார்களே, அதை விட்டுவிடுங்கள். அந்தக் கழுத்தெலும்புகளின் ஓட்டை வழியாகத்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற இரண்டு தமனிகள் ஏறுகின்றன. வெடுக்கென்று திருகும்போது உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எனக்கும் அந்தச் சொடக்குச் சத்தம் பிடிக்கும்தான்.

நான் பொறுத்தேன். பிசியோவும் மாத்திரையும் வலியைப் பாதியாக்கின. ஆபீஸில் மத்தியானமானால் தூக்கம் சொக்கும், அது நரம்பு வலி மாத்திரையின் உபயம். ஆனால் கை தேறவில்லை. பின்தசை அளவிலேயே சிறுத்துவிட்டதைச் சட்டைக் கையில் பார்க்க முடிந்தது. அங்கேதான் என் காத்திருப்பு முடிந்தது.

டிஸ்கை எடுத்துவிட்டு இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது பழைய முறை. ஃப்யூஷன் என்பார்கள். 1950களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபின்சனும் ஸ்மித்தும், ஹொனலூலுவில் ரால்ஃப் கிளோவர்டும் தனித்தனியாக இதை உருவாக்கினார்கள். கழுத்தின் முன்பக்கமாக நுழைந்து, டிஸ்கை எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து வெட்டிய துண்டை அங்கே செருகுவார்கள். இப்போது இடுப்பைத் தொடாமல், டிஸ்க் இருந்த இடத்தில் கூண்டு மாதிரி ஒரு துண்டும், பிடித்துக்கொள்ளப் பிளேட்டும் வைக்கிறார்கள். இதை ஏதோ கைவிடப்பட்ட முறை போல விளம்பரங்கள் காட்டுவது அநியாயம். அமெரிக்கக் கால்பந்தில் பெய்ட்டன் மானிங் என்றொரு ஆட்டக்காரர். எறிகிற கையே பலமிழந்து, 2011இல் கழுத்து ஃப்யூஷன் செய்துகொண்டார். அந்தப் பருவம் முழுக்க ஆடவில்லை. 2013 பருவத்தில் 55 டச்டவுன் எறிந்து சாதனை படைத்தார். 2016இல் சூப்பர் பவுல் கோப்பையோடு ஓய்வு பெற்றார்.

ஃப்யூஷனின் மேல் வைக்கப்படும் குறை அக்கம்பக்கத்து டிஸ்க் பற்றியது. அசைந்துகொண்டிருந்த ஒரு மூட்டைப் பூட்டிவிட்டால், அதன் அசைவையும் மேலே கீழே உள்ள மூட்டுகள் சுமக்க வேண்டியிருக்கும். ஹிலிப்ராண்டும் கூட்டாளிகளும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஃப்யூஷன் செய்துகொண்ட 374 பேரில் ஆண்டுக்குச் சராசரியாக 2.9 சதவீதம் பேருக்குப் பக்கத்து டிஸ்கில் புதிதாகத் தொந்தரவு வந்தது. பத்து வருடத்தில் நாலில் ஒருவருக்கு என்று கணக்குப் போட்டார்கள். செயற்கை டிஸ்க் வியாபாரம் முழுவதும் இந்த எண்ணின் மேல் நிற்கிறது. இதற்கு எதிர்க்கேள்வியும் உண்டு. ஒரு டிஸ்க் தேய்ந்தவருக்கு, அதே வயது, அதே உடம்புவாகு, அதே வேலை இருக்கும்போது அடுத்த டிஸ்க் தானாகவே தேயாதா? பூட்டியதால் தேய்ந்தது எவ்வளவு, தேயவேண்டியதாகித் தேய்ந்தது எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல.

அசைகிற உறுப்பு வைக்க வேண்டும் என்ற யோசனை எனக்குத் தொழில்முறையிலேயே சுவாரசியமானது. தினமும் பேரிங்கோடு பழகுகிறவன் நான். ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரோம் 1960களில் செய்ததைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. டிஸ்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருண்டையை வைத்துவிட்டார். பேரிங்குக்குள் இருக்குமே, அதே மாதிரி குண்டு. கிட்டத்தட்ட அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் ரைட்ஸ், ஜூபேர் என்ற இருவரும் தீராத தலைவலிக்கும் கைவலிக்கும் கழுத்திலேயே உலோக உருண்டை வைத்து 1964இல் எழுதினார்கள். எங்கள் தொழிலில் முதல் வருடப் பயிற்சியாளருக்குக்கூடத் தெரியும், உருண்டை தட்டையான பரப்பைத் தொடுவது ஒரு புள்ளியில். பாரம் முழுக்க அந்தப் புள்ளியில் இறங்கும். பேரிங்கில் குண்டு உட்காருகிற பள்ளம் கடினமாக்கப்பட்ட எஃகு, அதனால் தாங்குகிறது. இங்கே எதிரில் இருப்பது பஞ்சு போன்ற உள்ளெலும்பு. உருண்டைகள் எலும்புக்குள் இறங்கிப்போயின, முறையும் கைவிடப்பட்டது. அப்புறம் கழுத்து விஷயத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக யாரும் பெரிதாகத் துணியவில்லை.

1980களின் கடைசியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஃபிரென்சே மருத்துவமனையில் பிரையன் கமின்ஸ் மறுபடி தொடங்கினார். அந்த மருத்துவமனையின் பொறியியல் பிரிவிலேயே செய்த மூட்டு அது. மேல் துண்டு, கீழ்த் துண்டு, நடுவில் பந்தும் கிண்ணமும், எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எலும்போடு திருகுகளால் பிடித்தார்கள். திருகு தளர்ந்ததும் உடைந்ததும் நடந்தன. ஆனாலும் 1998இல் அவர் வெளியிட்ட 20 பேரில் பெரும்பாலோருக்கு மூட்டு அசைந்துகொண்டிருந்தது. அந்த வம்சத்தில் வந்த பிரெஸ்டீஜ் டிஸ்குக்குத்தான் 2007 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதல் அனுமதி கொடுத்தது. அதே வருட டிசம்பரில் புரோடிஸ்க்-சி, 2009இல் பிரையன் என்ற பெயருள்ள டிஸ்க், 2013இல் மோபி-சி. இந்த மோபி-சி, ஒன்றுக்கு மட்டுமல்லாமல் பக்கத்துப் பக்கத்து இரண்டு டிஸ்குகளுக்கும் அனுமதி பெற்ற முதல் ஆள்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவமைப்பாளரின் பிடிவாதம். புரோடிஸ்கில் பந்தின் மையம் ஓரிடத்தில் நிலையானது, எலும்பில் ஒரு கீற்று வெட்டி அதில் துடுப்பு போன்ற பகுதியை இறக்குவார்கள். ஆனால் நாம் குனியும்போது கழுத்தெலும்பு உருளுவதோடு கொஞ்சம் முன்னால் வழுக்கவும் செய்கிறது, சுழல்கிற மையம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அதற்காக மோபி-சியில் நடுவிலுள்ள பாலிஎத்திலீன் வில்லையையே நகரவிட்டிருக்கிறார்கள். பிரையனில் இரண்டு டைட்டானியம் ஓடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன். நிஜ டிஸ்கைப் போலவே நாரும் கூழுமாகச் செய்த எம்6-சி 2019இல் அனுமதி பெற்றது. படத்தில் பார்க்க எனக்கு மிகவும் பிடித்த வடிவம் அதுதான். பிறகு சிலருக்கு அதைச் சுற்றி எலும்பு அரிப்பு வந்ததாக அறிக்கைகள் வெளியாயின. 2025இல் அதன் தயாரிப்பை நிறுத்துவதாக நிறுவனமே அறிவித்தது. உராய்கிற எந்த ஜோடியும் பொடி உதிர்க்கும். பம்பில் சீல் மாற்றலாம். கழுத்தில் வைத்ததை வெளியே எடுப்பது வேறு விஷயம். புதுசாக வந்த டிஸ்க் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எத்தனை வருடத்து முடிவு இருக்கிறது என்று கேளுங்கள்.

அனுமதிக்கான ஆய்வுகள் எல்லாம் ஃப்யூஷனோடு ஒப்பிட்டுச் செய்தவை. பிரெஸ்டீஜில் 541 பேர், புரோடிஸ்க்-சியில் 209 பேர். கைவலி குறைவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆச்சரியமில்லை, நரம்பை விடுவிப்பது இரண்டிலும் ஒரே வேலைதானே. வித்தியாசம் மறு ஆபரேஷனில் தெரிந்தது. 330 பேர் கொண்ட மோபி-சியின் இரண்டு டிஸ்க் ஆய்வில், ஐந்து வருடத்துக்குள் அதே இடத்தில் மறுபடி கத்தி வைக்க வேண்டி வந்தது டிஸ்க் வைத்தவர்களில் 4 சதவீதம், ஃப்யூஷனில் 16 சதவீதம். நல்ல எண்தான். ஆனால் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது தயாரித்த கம்பெனி. யாருக்கு எது வைத்தது என்பதும் டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரியும். நெதர்லாந்தில் நோயாளிக்குத் தெரியாமல் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு டிஸ்க், ஒரு குழுவுக்குக் கூண்டு, இன்னொரு குழுவுக்கு எதுவுமே வைக்காமல் மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவும் ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. சிறிய ஆய்வுதான், காலமும் குறைவு. ஆனாலும் அதைப் படித்த அன்று, டிஸ்கா ஃப்யூஷனா என்று நான் செலவழித்த ராத்திரிகளை நினைத்துக் கொஞ்சம் எரிச்சலாக வந்தது.

இந்தச் சண்டை உலகச் செய்தியானது ஒரு ஐஸ் ஹாக்கி வீரரால். ஜாக் ஐக்கல், பஃபலோ சேபர்ஸ் அணியின் கேப்டன். 2021 மார்ச்சில் ஆட்டத்தில் கழுத்து டிஸ்க் பிதுங்கியது. ஃப்யூஷன் செய்துகொள் என்றது அணியின் மருத்துவக் குழு. வயது 24, இன்னும் எவ்வளவோ வருடம் இந்தக் கழுத்தோடு வாழ வேண்டும், எனக்கு டிஸ்க்தான் வேண்டும் என்றார் அவர். அந்த லீக்கில் அதுவரை யாரும் செயற்கை டிஸ்கோடு ஆடியதில்லை. தோளோடு தோள் மோதிச் சுவரில் தள்ளுகிற விளையாட்டு, மூட்டு தாங்குமா என்று அணி பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வீரர்களுக்கும் லீக்குக்கும் உள்ள ஒப்பந்தப்படி எந்தச் சிகிச்சை என்று இறுதியாகச் சொல்லும் உரிமை அணிக்கு. தன் கழுத்தில் என்ன வைப்பது என்று முடிவுசெய்கிற அதிகாரம், 8 வருடத்துக்கு 8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருந்த மனிதருக்கு இல்லை! மாதக்கணக்கில் இழுத்தது. கேப்டன் பதவியைப் பறித்தார்கள். கடைசியில் நவம்பரில் வேகஸ் அணி அவரை வாங்கிக்கொண்டு, டிஸ்குக்குச் சம்மதம் சொன்னது. அந்த மாதமே டென்வரில் ஆபரேஷன். 2022 பிப்ரவரியில் மறுபடி ஐஸில் இறங்கினார். 2023 ஜூனில் வேகஸ் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, பிளேஆஃப் ஆட்டங்களில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஐக்கல்தான்.

ஒரு வீரரின் வெற்றியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மானிங்கின் கோப்பையும் இருக்கிறதே. ஐக்கலிடம் எனக்குப் பிடித்தது, யாருடைய கழுத்து, யாருடைய முடிவு என்று கேட்டது. எனக்கும் ஒரு டாக்டர் ஃப்யூஷன் சொன்னார், இன்னொருவர் டிஸ்க் சொன்னார். இருவருமே நல்லவர்கள், அவரவர் கைப்பழக்கம் அவரவருக்கு. எல்லாக் கழுத்துக்கும் டிஸ்க் ஒத்துவராது. எலும்புச் சத்து குறைந்திருந்தால் மூட்டு உள்ளே இறங்கும். பின்பக்கச் சிறுமூட்டுகள் தேய்ந்திருந்தால், அசைவைக் காப்பாற்றுவது வலியையும் காப்பாற்றும். எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவினாலும், கழுத்து கூன்போல முன்பக்கமாக வளைந்துவிட்டிருந்தாலும், தண்டுவடத்துக்கு முன்னாலுள்ள நாணே எலும்பாகிப் போயிருந்தாலும் வேண்டாம். அந்தக் கடைசி வியாதி ஆசியாக்காரர்களிடம் அதிகம். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் என் டிஸ்க் இன்னும் அசைந்தது, கெட்டது ஒன்றே ஒன்றுதான், சிறுமூட்டுகள் சுத்தம். டிஸ்க் என்று முடிவு செய்தேன்.

செலவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மூட்டின் விலைதான் பில்லில் பெரிய வரி. கூண்டையும் பிளேட்டையும்விடப் பல மடங்கு. இன்ஷூரன்ஸ்காரர்கள், ஏன் ஃப்யூஷன் போதாது என்று டாக்டரிடம் எழுதிக் கேட்டார்கள், அவரும் எழுதிக்கொடுத்தார். போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மூட்டு வருகிற டப்பாவில் அளவும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், ஒன்று இன்ஷூரன்ஸுக்குப் போகும், இன்னொன்றை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு ஊரில் ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் உள்ளே என்ன உலோகம் என்று முதலில் கேட்பார்கள்.

ஒப்புதல் படிவத்தில் ஒரு பத்தி என்னை நிறுத்தியது. திறந்து பார்த்தபின் மூட்டு சரியாக உட்காராது என்று தோன்றினால் ஃப்யூஷனே செய்துவிட எனக்குச் சம்மதம் என்று இருந்தது. இத்தனை படித்து, இத்தனை யோசித்து, கடைசியில் மயக்கத்தில் கிடக்கும்போது வேறொருவர் முடிவு செய்வாரா என்று தோன்றியது. வேறு வழியும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் நான் பயந்த அளவுக்கு இல்லை. கழுத்தின் முன்பக்கத் தோல் மடிப்பிலேயே குறுக்காக ஒரு சின்ன வெட்டு. ஒரு பக்கம் தமனி, மறுபக்கம் மூச்சுக்குழலும் உணவுக்குழலும், இரண்டையும் விலக்கிக்கொண்டு நடுவே போனால் நேராக எலும்பு. தசையை அறுக்க வேண்டிய வேலை அதிகம் இல்லாததால் முதுகுப்பக்க ஆபரேஷன்களைவிட வலி குறைவு. எக்ஸ்ரே வைத்து எந்த எலும்பு என்று உறுதிசெய்துகொண்டு, நுண்ணோக்கியின் அடியில் டிஸ்கைச் சுரண்டி எடுத்து, நரம்பை விடுவிக்கிறார்கள். கண் விழித்ததும் நான் தேடியது கைவலியை. இல்லை! இத்தனை மாதம் கூடவே இருந்தது சுத்தமாகக் காணோம். ஆனால் நடுவிரல் மதமதப்பு லேசாக இன்னும் இருக்கிறது. தசை தேற வெகுகாலம் பிடித்தது, இப்போது பெட்டியைப் பரணுக்கு ஏற்றிவிடுவேன்.

தொண்டைதான் படுத்தியது. உணவுக்குழலை ஒதுக்கிப் பிடித்திருந்ததால் விழுங்கும்போதெல்லாம் வலி. இட்லியை ரசத்தில் ஊறவைத்துக் கரைத்துக் குடித்தேன். குரல் கரகரத்துக்கொண்டே இருந்தது. குரல்நாண் நரம்பு அந்த வழியாகத்தான் ஓடுகிறது, பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும், சிலருக்கு ஆகாமலும் போகலாம். பாடகர்களும் வாத்தியார்களும் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கழுத்து வலி? அது இருக்கிறது. நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் பிடறி இறுகுகிறது, ஆபரேஷனுக்கு முன்னால் இறுகிய அதே மாதிரி. சித்தியின் கழுத்துக்கும் என் கழுத்துக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவருக்கு நான் எழுதிக்கொடுத்தது என் பிசியோகாரரின் நம்பர்.

இந்த வருடம் செக்கப்புக்குப் போனபோது எக்ஸ்ரேயில் மூட்டின் முன்ஓரத்தில் வெள்ளையாக ஒரு துணுக்கு. மூட்டைச் சுற்றிப் புதிதாக எலும்பு வளர்வது இந்த ஆபரேஷனில் சகஜமாம். அதைத் தடுக்கத்தான் ஆரம்பத்தில் வீக்கம் குறைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். 4 என்றால் எலும்பு மேலிருந்து கீழ்வரை பாலமாகச் சேர்ந்து மூட்டு அசையவே அசையாது. எனக்கு இப்போதைக்கு 1.

"இது 4 ஆயிருச்சுன்னா என்னங்க டாக்டர்?" என்றேன்.

"ஆச்சுன்னா அது ஃப்யூஷன்தாங்க. அதுக்கு நீங்க அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, அடுத்த வருடம் எக்ஸ்ரே என்று சீட்டில் எழுதினார்.